பலகையில் இருந்த தலை

“இதென்னடி, டிரான்ஸ்பார்மர்ல மாட்டுற படமா?”

தறிக்கூட வேலை முடிந்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்திறங்கிய குருவம்மாள், சேலையில் ஒட்டிய பஞ்சோடு வாசலிலேயே நின்றாள்.

மகள் சுபத்ரா கொடியில் ஒரு காகிதத்தைக் காயவிட்டிருந்தாள். மரப்பலகையில் செதுக்கி, கறுப்பு மை தடவி எடுத்த முதல் அச்சு. ஒரு மண்டையோடு; நெற்றியோரம் நீளமாக ஒரு வெடிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் இதேபோல் பத்துப் பிரதிகள் சென்னைக் கண்காட்சிக்குப் போக வேண்டும். ஓவியக் கல்லூரி முடித்தபின் அவளுக்கு வந்த முதல் அழைப்பு அது.

“சும்மா ஒரு மண்டையோடும்மா.”

“சும்மாவா? அப்ப பீரோவுல இருந்த ஸ்கேன் பிலிமு எதுக்கு ஜன்னல்ல தொங்குது?”

திருச்சுழி ரோட்டில் அண்ணன் பால்சாமி பைக்கோடு விழுந்த அன்று எடுத்த பிலிம் அது. மறுநாள் விடியுமுன் அவன் போய்விட்டான்.

“எம்புள்ள தலையவா செதுக்கியிருக்க?”

“ஆமாம்மா.”

“ஊரான் வந்து வேடிக்கை பாக்கவா?”

“செத்தா எல்லாரும் இப்படித்தானம்மா. அதைத்தான் பாக்கச் சொல்றேன்.”

“எல்லாரும்னா ஒம் மண்டையச் செதுக்க வேண்டியதுதான?”

“நீ வேணாம்னா அனுப்பலை.”

குருவம்மாள் காகிதத்தின் அருகே போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இது அவன் இல்ல.”

“என்னம்மா சொல்ற?”

“அவனுக்கு அடி இடதுல. இதுக்கு வலதுல வெடிச்சிருக்கு. யாரோ எவரோ. அனுப்பிக்கோ, போ.”

சுபத்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. அச்சில் இடம் வலமாகிவிடும். திருப்பி வரைந்துதான் செதுக்க வேண்டும். கல்லூரியில் முதல் வாரம் படித்த பாடம். பிலிமைப் பார்த்து அழுதுகொண்டே வரைந்ததில் மறந்துபோயிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் போதும், பத்துப் பிரதியும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

“அவன்தாம்மா. நான்தான் திருப்பி வரைய மறந்துட்டேன், அச்சுல பக்கம் மாறிருச்சு. பலகையில சரியா இருக்கு.”

“எடு அதை.”

பலகையை மடியில் வாங்கிக்கொண்டு குருவம்மாள் உட்கார்ந்தாள். இடதுபக்க வெடிப்பில் விரலை ஓட்டினாள்.

“ஆஸ்பத்திரியில தலையச் சுத்தி துணி கட்டியே குடுத்தாக. அவுக்கக் கூடாதுன்னுட்டாக. கடைசியாக் குளிப்பாட்டையில சொந்தபந்தம் பூராம் துணிமேலதான் எண்ணெயும் சீயக்காயும் வச்சாக. நான் எந்தத் தலையில வைக்கன்னு கைய எடுத்துட்டேன்.”

எழுந்து அடுப்படிக்குப் போனவள் நல்லெண்ணெயும் கரைத்த சீயக்காயுமாக வந்தாள்.

“அம்மா, பலகை ஊறி உப்பிரும். அப்புறம் ஒண்ணுகூட எடுக்க முடியாது.”

“எடுக்கணுமாடி?”

சுபத்ரா கொடியைப் பார்த்தாள். பிறகு பழைய துணி ஒன்றை எடுத்து, பலகையில் மிச்சமிருந்த மையை அழுத்தித் துடைத்தாள்.

“ம். வைம்மா.”

குருவம்மாள் உள்ளங்கையால் எண்ணெயைத் தேய்த்தாள். செதுக்கிய பள்ளங்களில் சீயக்காய் இறங்கியது.

“கொஞ்சம் சாச்சுப் பிடி,” என்றாள். “கண்ணுல போயிரப் போகுது.”

சுபத்ரா சாய்த்துப் பிடித்தாள்.