திருப்தியா, இல்லையா?

"ஊர் வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா இருக்காக்கா?" நகராட்சியிலிருந்து கருத்துக் கேட்க வந்த பெண் பேனாவைத் திறந்தாள்.

தையல்காரி வாய் திறப்பதற்குள் அவள் அண்ணன் முந்திக்கொண்டார். "திருப்தின்னு போடுங்க."

அந்தத் தெருவில் ஏழு வீடுகளைச் சுற்றுலா விடுதிகளாக மாற்றியவர் அவர். அவற்றுக்குத் திரைச்சீலை தைத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால், போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து அவள் கத்தியபோது, பக்கத்து விடுதியில் தங்கியிருந்த பயணிகள் தூக்கம் கெடுகிறதென்று சுவரைத் தட்டினார்கள்.

"இல்லைன்னு எழுதும்மா."

அண்ணன் முகம் கறுத்தது. "யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுத்தாண்ணே சொல்றேன். கூப்பிட்டா வர்றதுக்கு இங்க யாரு இருக்கா?"

அவர், திரைச்சீலை தைக்கக் கொடுத்திருந்த துணிக்கட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

"அடுத்த கேள்வி கேக்கவாக்கா?"

"கேளு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.