இரண்டாம் கொட்டகைக் குட்டிகள்

அந்த அறிக்கையின் கடைசி வரியை நான் இரண்டு முறை தட்டச்சு செய்தேன். முதல் முறை பிழை வந்துவிட்டது. பிறந்த சில மாதங்களில் பசித்துக் கிடந்த மூளை, பிறகு எவ்வளவு ஊட்டினாலும் தேறுவதில்லை என்று சொன்னது அந்த வரி.

அது 1978. மாதனூருக்கு அப்பால் சாலையோரத்தில் இருந்தது நான் தட்டச்சு வேலை பார்த்த சிறிய ஆராய்ச்சிக்கூடம். டாக்டர் பூரணி பன்றிக்குட்டிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். எலியின் மூளை வழவழவென்று இருக்கும், பன்றியின் மூளையோ மனித மூளையைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும், குழந்தையின் மூளை போலவே வளரும் என்பார். முதல் கொட்டகையில் எட்டுக் குட்டிகள் வயிறார வளர்ந்தன. இரண்டாம் கொட்டகையில் இருந்த எட்டுக்கு இரண்டு மாதம் அரை வயிறு, அப்புறம் முழுத் தீனி. அந்த இரண்டு மாதமும் பள்ளிகொண்டா பெருமாளிடம் அவற்றுக்காகவும் வேண்டிக்கொண்டேன். சிரிப்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை.

சோதனை எளிமையானது. ஒரு பட்டியில் இரண்டு கதவுகள். ஒன்றில் வெள்ளைப் பலகை, மற்றதில் கறுப்பு. வெள்ளைக்குப் பின்னால் வெல்லம் கரைத்த நொய்க்கஞ்சி. பலகைகளை இடம் மாற்றி மாற்றி மாட்டுவோம். காலையில் சோதித்த முதல் கொட்டகைக் குட்டிகள் ஆறே நாளில் வெள்ளையைக் கண்டுகொண்டன. மதியம் சோதித்த இரண்டாம் கொட்டகைக் குட்டிகள் இருபது நாளாகியும் பட்டியின் நடுவில் வெறுமனே நின்றன.

குட்டிகளைப் பார்த்துக்கொண்டவள் தனகோடி. அவளுடைய மகள் அமிர்தவள்ளிக்கு ஏழு வயது. பஞ்சத்தில் பிறந்து, முதல் வருடம் முழுக்கக் கேழ்வரகுக் கஞ்சித் தண்ணீரில் வளர்ந்தவள். இவள் மண்டையில் எதுவும் ஏறாது, பீடி சுற்ற அனுப்பிவிடு என்று பள்ளித் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஆங்கிலம் தெரியாத தனகோடி, அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்.

அவள் கையிலிருந்த தீனி வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்போ எம்பொண்ணுக்கும் அதானா, சாரு?" என்றாள். நான் காகிதத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் அவள் தம்பி கல்யாணத்துக்காகக் கலவை என்ற ஊருக்குப் போனாள். பத்து நாள் கழித்து ஒரு மதியம் பஸ்ஸை விட்டு இறங்கியவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். எங்களுக்குச் சிரிப்பு. வெளியூர் போய்வந்த யாருக்கும் இங்கே அரை நாள் இப்படித்தான். பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப் ஒன்று இருந்தது. தோலிலிருந்து சுரண்டிய சவ்வையும் கொழுப்பையும் கொப்பரையில் போட்டு அங்கே மதியந்தோறும் வஜ்ஜிரப் பசை காய்ச்சுவார்கள். அந்த வீச்சத்துக்கு எங்கள் மூக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது. டாக்டரம்மாவும் தோல் ஷாப்கள் நிறைந்த ஆம்பூரில் பிறந்தவர்தான்.

தனகோடி மூக்கைப் பொத்தியபடியே பட்டியை எட்டிப் பார்த்தாள். அறிக்கையை அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்க்க அங்கே சோதனை நடந்துகொண்டிருந்தது. அவள் குள்ளச்சி என்று கூப்பிடும் மிகச் சிறிய குட்டி, கதவுகளைப் பார்க்காமல், தோல் ஷாப் பக்கத்துச் சுவரைப் பார்த்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. தனகோடியின் கை முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"டாக்டரம்மா, இதுங்க மக்கு இல்ல. கொழுப்பு காயுது பாருங்க. நமக்குத்தான் அது நாத்தம். இதுங்களுக்குச் செவுத்துக்கு அந்தாண்ட எலை போட்டு வெச்ச மாதிரி. அத்த வுட்டுட்டு உங்க கஞ்சிக்கு இன்னாத்துக்கு வரும்?"

டாக்டரம்மா ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தார். அவருக்கு வாடை ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவரை உலுக்கியிருக்க வேண்டும். மறுநாள் மதியம் முதல் கொட்டகைக் குட்டிகளைப் பட்டிக்குள் விடச் சொன்னார். ஆறு நாளில் தேறிய அந்தக் கெட்டிக்காரர்களும் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்கள். டாக்டரம்மா என் மேசைக்கு வந்து, அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமாளின் சன்னிதி மணி கேட்டது.

ஆனால் அறிக்கையை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். பதினாறு குட்டிகளையும் மறுபடி சோதிக்கக் காலை நேரம் மட்டும் போதாது. மதியக் கொப்பரை நின்றாக வேண்டும். மூவரும் தோல் ஷாப் மேஸ்திரி ரஃபி அகமதுவைப் பார்க்கப் போனோம். அவரிடம் எந்தப் பிராணி என்று சொல்ல டாக்டரம்மாவும் நானும் தயங்கி, ஆராய்ச்சி, உயிரினம் என்று சுற்றி வளைத்தோம்.

தனகோடிக்குப் பொறுக்கவில்லை. "பன்னிக்குட்டிங்க பாய். உங்களாண்ட மறைக்கறது தப்பு. பசியில வளந்த புள்ளைங்களுக்குப் படிப்பு வருமான்னு அதுங்கள வெச்சுப் பாக்கறாங்க. எம்பொண்ணும் அப்படி வளந்தவதான்."

ரஃபி அகமது தாடியைத் தடவிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாங்க சாப்புட மாட்டோம், தொட மாட்டோம், அவ்ளோதாம்மா. அத்தயும் படைச்சவன் அல்லாதானே," என்றார். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல காய்ச்சிக்கறோம். ஆளுங்க கொஞ்சம் பேஜார் பண்ணுவாங்க, நான் பேசிக்கறேன்." பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "ஆனா நாத்தம்னு சொல்றீங்களே, எங்கேருந்து வருது?" என்றார். டாக்டரம்மா அந்த மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.

இரண்டு பக்கக் குட்டிகளையும் பாதி காலை, பாதி மதியம் என்று கலந்தோம். பழைய பலகைகளை எடுத்துவிட்டு நீலமும் மஞ்சளும் மாட்டினோம். கஞ்சி நீலத்துக்குப் பின்னால். முதல் கொட்டகைக்கு ஏழு நாள் ஆனது. எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் இரண்டாம் கொட்டகைக் குட்டிகள் ஒவ்வொன்றாகத் தேறின. பத்தாம் நாள் மிச்சமிருந்தது குள்ளச்சி மட்டும். மதியக் காற்று கொப்பரை வீச்சமில்லாமல் சும்மா வீசிக்கொண்டிருந்தது. குள்ளச்சி மஞ்சள் கதவு வரை போனது, நின்றது, திரும்பி நீலத்தை முட்டித் திறந்தது. அன்று பத்துக்கு ஒன்பது முறை நீலத்தைத்தான் முட்டியது. ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று நாள் தாமதம், அவ்வளவுதான். தனகோடி பட்டிக்குள் இறங்கி, கஞ்சி அப்பிய அந்த மூஞ்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பசித்துக் கிடந்த மூளையும் தேறும் என்ற புதிய கடைசி வரியை நான் ஒரே முறையில், ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன்.

மறுநாள் தனகோடி வேலைக்குத் தாமதமாக வந்தாள். அமிர்தவள்ளியோடு பள்ளிக்குப் போயிருக்கிறாள். தலைமையாசிரியர் பழைய பாட்டையே பாட, பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். கடைசி வரிசை, சுவரோரம். சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி மில் நாளெல்லாம் ஓடுகிறது. அவள் அந்த மூலையில் தானே உட்கார்ந்து, ஐயா, பாடத்தைக் கொஞ்சம் சொல்லுங்கள் என்றாளாம். அவர் சொன்னார். அவள் காதில் ஒரு வார்த்தைகூட விழவில்லை. அவர் நல்ல மனிதர்தான். அந்த மில் சத்தம் அவருக்குக் கேட்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. அவள் அதைச் சொன்னதும், தாமே அமிர்தவள்ளியின் பையை எடுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் வைத்தாராம்.

"வூட்டுக்கு வந்ததும் பன்னெண்டாம் வாய்ப்பாடு சொல்லுது சாரு," என்றாள் தனகோடி அடுத்த மாதம், குட்டிகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே. "நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டேங்குது."