பாய்மரத்தின் பின்னால் நின்றவர்

1

இதைக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் வாசிப்பதற்காக ‘புகைப்படக்காரரிடம் எழுத்தாளன் கற்க வேண்டியது’ என்று தலைப்புப் போட்டேன். “ஒன்றைத் தெளிவாகக் காட்ட வேண்டுமானால் மற்றதை மங்கவிடும் துணிவு வேண்டும்” என்று முதல் வரியும் எழுதியாயிற்று. உதாரணம் ஒன்று தேவைப்பட்டது. ஆறு வருடத்துக்கு முன் தூத்துக்குடியில் எடுத்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி நாலு வரி எழுதியதும் அந்த முதல் வரி எனக்கே பிடிக்காமல் போய்விட்டது.

கட்டுரை அத்தோடு நின்றது.

2

முதல் தொடக்கம்: “1973 ஐப்பசியில், சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் புதுத் தோணி முதல் பயணமாகக் கொழும்புக்குப் புறப்பட்டபோது கடல் —”

கடலை விட்டுவிடுகிறேன். கடலில் தொடங்கினால் பக்கம் பக்கமாகக் கடலே வரும், ஆட்கள் வரமாட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: “பால்துரை நல்ல புகைப்படக்காரர்.” உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் பழி அவர் மேல் போகும். அது என் மேல் வர வேண்டியது.

மூன்றாவது, இதுவே இருக்கட்டும். நான் ஏசுவடியான், நாசரேத்துக்காரன். அப்போது ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. மிச்ச நேரத்தில் ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். புதுத் தோணி புறப்படுவதைப் படத்தோடு அனுப்புவதற்காக, கிரேட் காட்டன் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த பால்துரையைக் கூட்டிக்கொண்டு பழைய துறைமுகத்துக்குப் போனேன்.

வானம் மூடியிருந்தது. வழியனுப்ப வந்திருந்த தோணி முதலாளி மாலையும் கழுத்துமாகத் தோணியின் முன்பக்கம் ஏறி நின்றார். அவருக்குப் பின்னால், பாய்மரத்தை ஒட்டி, தலையில் துண்டு கட்டிய தோணியாள் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். (இந்த வாக்கியத்தைப் படத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அன்று நான் அவரைப் பார்க்கவில்லை.) ரோலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு படம். பால்துரை காமிராவுக்குள் குனிந்தபடியே கேட்டார்:

“சார், வெளிச்சம் கம்மி. தோணி வேற ஆடுது. லென்ஸை முழுசாத் தொறந்துதான் எடுக்கணும். முன்னால நிக்கிறவர் தெளிவா வந்தா பின்னால நிக்கிறவர் கலங்கிருவாரு. யாரை வைக்கட்டும்?”

நான் குறிப்பேட்டில் முதலாளியின் இனிஷியலை எழுதிக்கொண்டிருந்தேன்.

“இதென்னவே கேள்வி? முதலாளியைத்தான்.”

3

நான்காம் நாள் செய்தி வந்தது. புயலில் தோணி மூழ்கிவிட்டது. தோணியில் போன எட்டுப் பேரில் ஆறு பேரை ஒரு சரக்குக் கப்பல் மீட்டுக் கொழும்பில் இறக்கியிருந்தது. இரண்டு பேர் கிடைக்கவில்லை. ஒருவர் மாப்பிள்ளையூரணி மாசானம். மற்றவர் தருவைகுளம் கஸ்பார்.

[இங்கே புயல் ஒன்றரைப் பக்கம் வீசியது. அன்று நான் கரையில் ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றவன். எடுத்துவிட்டேன்.]

ஒரு மாதம் கழித்து மாசானத்தின் மனைவி சங்கரம்மாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தை மேஜை மேல் விரித்தாள்.

“அண்ணாச்சி, பின்னால நிக்கிறது எங்க வீட்டுக்காரவிய. அவியளை மட்டும் பெரிசாப் போட்டுத் தாங்க. வேற படமே கெடையாது.”

“பெரிசாக்குனா முகம் பெரிசாகும்மா. தெளிவாகாது.”

“ஆகாட்டாப் பரவாயில்ல.”

பால்துரை இருட்டறைக்குப் போய்ப் பிரிண்டு எடுத்துவந்தார். துண்டு தெரிந்தது, தோள் தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறம். பென்சிலால் லேசாகக் கண்ணும் மூக்கும் தொட்டுத் தரட்டுமா என்று கேட்டார்.

“கண்ணை வரஞ்சிராதிய அண்ணாச்சி,” என்றாள் சங்கரம்மாள். “வரஞ்சா அது வேற ஆளாப் போயிரும். கயித்தை இடது கையால சுத்திப் பிடிச்சிருக்கது போதும். இவியதான்.”

4

மறுவாரம் கஸ்பாரின் மனைவி பிளாரன்ஸ் வந்தாள். அவள் கேட்டதும் அதே படம், அதே ஆள்.

“தோளைச் சரிச்சு நிக்கிறாரு பாருங்க, அது எங்க வீட்டு ஆளுதான். கல்யாணத்துக்கு எடுத்த படம் கூரை ஒழுகிப் பூஞ்சை பூத்துப்போச்சு. அண்ணாச்சி, இதுல முகத்தைக் கொஞ்சம் எழுதித் தருவியளா? இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். அதை மட்டும் விட்டுராதீங்க.”

பால்துரை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பென்சிலைச் சீவி உட்கார்ந்தார். அவள் சொல்லச் சொல்ல, ஒரு மணி நேரத்தில் சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. புருவத்தில் வெட்டு விழுந்ததும் அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவள் போனதும் கேட்டேன்: “ரெண்டு பேருக்கும் ஒரே ஆளையாவே குடுக்கிறது?”

“நாம ரெண்டு பேரும் அன்னைக்கு அந்த ஆளு முகத்தைப் பாக்கல சார். கூட வாழ்ந்த ரெண்டு பொம்பளையளும் இவருதான்னு சொல்லுதாவ. இல்லேன்னு சொல்ல நான் யாரு?”

இருந்தாலும் எது உண்மை என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுதுகிறவனுக்கு அது நியாயமான ஆசை என்று அப்போது நினைத்தேன். மீண்டு வந்த ஐந்து பேரைத் தேடிப் போய்க் கேட்டேன். தோணி புறப்பட்டபோது தாங்கள் அடித்தட்டில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். பாய்மரத்தடியில் யார் நின்றார் என்பது தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவர் ஆறாவது ஆள்தான். தோணியை நடத்திப் போன தண்டல் ஞானையா. கால் முறிந்து கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தவர், மாசியில்தான் ஊர் திரும்பினார்.

5

பிரிண்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கிப் பார்த்த உடனேயே ஒரு பெயரைச் சொன்னார்.

“நிச்சயமாத் தெரியுமா?”

“சுக்கான்ல நின்னது நான். எனக்கு முன்னால அவன் முதுகுதான். ‘ஏலே, கயித்தை விட்ராத’ன்னு சத்தம்லா போட்டேன். எதுக்குக் கேக்கிய?”

இரண்டு வீட்டுச் சுவர்களிலும் இந்தப் படம் தொங்குவதைச் சொன்னேன். அவர் பிரிண்டைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார்.

“இதை எங்கிட்டக் கேட்டிருக்கப்படாது சார். ரெண்டு வீட்டுக்கும் போயித் துட்டி கேக்கணும், ஆறுதல் சொல்லணும்னு இருக்கேன். இனி எந்த முகத்தோட போவேன்?”

(என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.)

ஆனால் அவர் போனார். முதலில் தருவைகுளத்துக்கு, அடுத்த வாரம் மாப்பிள்ளையூரணிக்கு. கம்பை ஊன்றிக்கொண்டு இரண்டு வீட்டிலும் அந்தப் படத்தின் முன்னால் நின்றிருக்கிறார். இரண்டு பெண்களும் படத்தைக் காட்டி அழுதிருக்கிறார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. இதை என்னிடம் சொன்னது பால்துரை. அதன் பிறகு ஞானையா என்னிடம் பேசவேயில்லை.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு பெண்களும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள், ஒருத்தி பையிலிருந்து படம் நழுவுகிறது. நன்றாகத்தான் வந்தது. ஆனால் அப்படி நடக்கவில்லை. கதைக்காக அவர்களை அந்த பஸ்ஸில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. இன்னொன்றில் ஞானையா தவறாகச் சொல்லிவிடுகிறார். அதுவும் பொய். அவர் தவறாகச் சொல்லவில்லை.

மூன்றாவதில் பெயரை எழுதினேன். உடனே கதை முடிந்த மாதிரி இருந்தது. எல்லாம் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. திரும்பப் படித்தேன். ஒரு வீட்டுச் சுவரிலிருந்து ஒரு முகத்தைக் கழற்றித்தான் அந்தத் தெளிவைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று தெரிந்தது. பெயரை அடித்தேன். அடித்தபின்னும் படிக்க முடிந்ததால், அந்தத் தாளையே அடுப்பில் போட்டேன்.

ஞானையா தண்டல் போன வருடம் இறந்துவிட்டார். பால்துரை இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. ஆகவே இப்போது அந்தப் பெயர் எனக்கு மட்டும்தான் தெரியும். வாசகர் வட்டத்தில் இதைப் படித்தால் யாராவது கேட்பார்கள். சொல்லமாட்டேன்.

இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கும் ஒரு பெயர் தோன்றியிருக்கலாம். அது சரியாகவும் இருக்கலாம். என்றைக்காவது அந்த இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு நீங்கள் போனால், ஒரு வீட்டில் உங்களை உட்காரச் சொல்லி, ஒரு பெண் சுவரைக் காட்டுவாள். “இவியதான்” என்பாள், அல்லது “இவருதான்” என்பாள். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அங்கே நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்பதை நான் எழுத முடியாது.