ஆறடித் தண்ணீர்

பண்ணைக்குட்டையின் நடுவில் நட்ட குழாயில் ராதாமணி அடிக்கு ஒரு கோடாக வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தாள். மொத்தம் பன்னிரண்டு கோடு. கார்த்திகை மழையில் பன்னிரண்டும் முங்கின. ஒரு ஏக்கர் மிளகாய்க்கு முதல் தண்ணி விட்டபோது ஒரு கோடு வெளியே வந்தது. கோட்டுக்கு ஒரு தண்ணி என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

இரண்டாம் தண்ணிக்கு ஒன்றேகால் அடி இறங்கியது. மூன்றாவதற்கு ஒன்றரை. நாலாவதற்கு இரண்டேகால். அதே மோட்டார், அதே ஏழு மணி நேரம். மாசி பிறந்தபோது ஆறடிதான் இருந்தது. செடி காய்த்து ஓய இன்னும் மூன்று தண்ணியாவது வேண்டும்.

"பிளாஸ்டிக் தாள் விரிச்ச குட்டை, ஒழுகவா போகுது" என்றான் கொழுந்தன் தங்கப்பாண்டியன். "ரெண்டாந் தண்ணிக்கு அப்புறம் யாரு வந்தா? அதை யோசிங்க மதினி."

வந்தது பெருமாயியின் கிடை. உளுந்து எடுத்த பக்கத்துக் காட்டில் எருவுக்காகக் கிடைபோட ராதாமணியே பேசிக் கூட்டிவந்த செம்மறிகள், நூறு உருப்படி. குளம்பு பட்டால் தாள் கிழியும் என்று குடத்தில் மோந்து தொட்டியில் ஊற்றித்தான் தண்ணீர் காட்டுவார்கள்.

காலையில் ராதாமணி போனபோது பெருமாயி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பெருமாயி, கிடையை வேற காட்டுக்கு மாத்திரு. எனக்குச் செடி முக்கியம்."

"ஆடு என்னக்கா செஞ்சுது?"

"பாதிக் குட்டையக் குடிச்சிருக்கு."

பெருமாயி குடத்தை இறக்கி வைத்தாள். "ஆட்டுக்கு இருக்கது வயிறா, வைப்பாறா? ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு குடம் ஊத்துதேன். வந்து பதினஞ்சு நாளாச்சு. நீங்க பன்னெண்டாப்புப் படிச்சவிய. கணக்குப் போட்டுப் பாருங்க. எங்க மேல குத்தம்னா பொழுது சாய முன்ன பத்திட்டுப் போயிருதேன்."

அவள் வாயை அடைக்கவேண்டும் என்றுதான் ராதாமணி மோட்டார் ரூம் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து உட்கார்ந்தாள். முந்நூற்று எழுபத்தைந்து குடம். குடத்துக்குப் பதினாறு லிட்டர், ஆக ஆறாயிரம். கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர் என்றால் இருநூற்றுப் பதினான்கு கன அடி. சுமார் நாற்பதுக்கு நாற்பது அடி விரிந்து கிடந்த தண்ணீரில் அது எவ்வளவு ஆழம்? ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. மறுபடி போட்டாள். ஒன்றரை அங்குலம்தான் வந்தது.

அப்படியானால் மற்றது எங்கே?

எழுந்து கரையைச் சுற்றினாள். பிளாஸ்டிக் தாளில் கீறல் இல்லை. சரிவில் நின்று கீழே பார்த்தாள். கரிசல் நெட்டுக்குத்தாக நிற்காது, சரிந்துவிடும் என்று ஜேசிபிக்காரர் நாலு பக்கமும் சாய்த்து வெட்டியது. மேலே அறுபதடிச் சதுரம், அடியில் பன்னிரண்டு அடிதான். வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள்தான். கோடு போடும்போது அது நினைவில் இல்லை.

காலண்டர் தாளைத் திருப்பி, தண்ணீரை அடியடியாக அடுக்கி எழுதினாள். மேலடுக்கின் சராசரிப் பக்கம் ஐம்பத்தெட்டு அடி. ஐம்பத்தெட்டை ஐம்பத்தெட்டால் பெருக்க மூவாயிரத்து முந்நூற்று அறுபத்து நான்கு. அதுதான் ஒரு தண்ணி. இப்போது மிச்சமிருக்கும் ஆறு அடுக்கில் மேலே உள்ளது முப்பத்து நாலு அடி, ஆயிரத்து நூற்று ஐம்பத்தாறு. அதன் கீழே தொள்ளாயிரம். பிறகு அறுநூற்று எழுபத்தாறு, நானூற்று எண்பத்து நான்கு, முந்நூற்று இருபத்து நான்கு. கடைசியில் நூற்றுத் தொண்ணூற்றாறு.

ஆறையும் கூட்டினாள். மூவாயிரத்து எழுநூற்று முப்பத்தாறு.

ஆறடித் தண்ணீரும் ஒரே ஒரு தண்ணிக்குத்தான். அதற்குமேல் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் மோட்டாருக்கு எட்டாது, குடத்துக்கு எட்டும்.

பெருமாயியிடம் போய், "கிடை இருக்கட்டும்" என்றாள்.

"கணக்கு என்னக்கா சொல்லுது?"

"ஒன்றரை அங்குலம்."

"அம்புட்டா குடிச்சிட்டுது, மூதி" என்று பெருமாயி பக்கத்தில் நின்ற கிடாயைத் தட்டினாள்.

தங்கப்பாண்டியன் வந்து தாளை வாங்கிப் பார்த்தான். "முழுக்காட்டுக்கும் ஒரு தண்ணி விட்டுட்டு மழையப் பாப்பமே மதினி."

"மாசியில எந்த மழைய?"

அவன் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மோட்டார்ப் பக்கம் போனான்.

ஏக்கருக்கு ஒரு தண்ணி என்றால் முப்பத்து மூன்று சென்டுக்கு மூன்று தண்ணி. காய் அதிகம் பிடித்தது மேற்குப் பக்கம். ராதாமணி முப்பத்து மூன்று சென்டைக் காலால் அளந்து குச்சி நட்டாள். கிழக்கே போகும் வாய்க்காலின் வாயில் மண்வெட்டியால் மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தாள். கசிந்தது. இன்னும் இரண்டு வெட்டு போட்டாள்.

"போடு" என்றாள்.

தங்கப்பாண்டியன் மோட்டாரைப் போட்டான். தண்ணீர் வந்து மண்ணில் முட்டி, ஒருகணம் தேங்கி, மேற்கே திரும்பியது. கிழக்கே செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றன. அவள் அந்தப் பக்கம் போய், சிவந்தவற்றை மட்டும் பறித்து மடியில் போட ஆரம்பித்தாள்.