இரண்டு கையெழுத்து விடைத்தாள்

ஹைப்பர்பொலி பாடம் நடந்த செவ்வாய்க்கிழமை, கண்ணாடி தேய்ப்பவர் வீட்டில் முழங்காலளவு கண்ணீர் நின்றது. மிகைப்படுத்திச் சொல்வதற்கு ஓர் உதாரணம் கேட்ட டீச்சருக்கு, நான் ஆறாக அழுதேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டுக் கதவைத் திறந்தால் செருப்பு மிதக்கிறது. கீழ் வீட்டு அம்மாள் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "எங்க கூரையெல்லாம் உப்புத் தண்ணியா சொட்டுது. அழுறதை ஒரு வாளியில அழக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இறைத்துத் துடைக்க இரண்டு நாள் பிடித்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துக் கொடுப்பது இருபத்தாறு வருடமாக அவர் வேலை. சக்கரம் போடும் இரைச்சலில் அங்கே யாரும் நின்று பேசுவதில்லை. மனைவி இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அவள் மகா வாயாடி. நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததையெல்லாம் சாயங்காலம் இவர் தலையில் கொட்டுவாள். அவள் போய் நாலு வருடம். "உப்பு போதுமா?" என்று கேட்கக்கூட வீட்டில் ஆளில்லை. தனிமை மனுஷனைப் பாடாய்ப் படுத்தியது. கடையின் முன்பக்கக் கவுண்டரில் நின்றால் தினமும் நாலு பேரிடம் வாயைத் திறக்கலாம், ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் பாஸ் செய்திருக்க வேண்டும் என்றார் முதலாளி. அதனால்தான் ஐம்பத்திரண்டு வயதில் மதிய வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

கைடில் உள்ள உதாரணங்களை எழுதியிருந்தால் வம்பே இல்லை. டீச்சர் அதற்கு மார்க் போட மாட்டாள், சொந்தமாக யோசிக்க வேண்டும் என்பாள். இவர் சொந்தமாக யோசித்ததெல்லாம் நடந்து தொலைத்தது. உயிரில்லாததை மனுஷனாக்கிச் சொல்லும் பர்சானிஃபிகேஷனுக்கு, நாற்காலி களைத்துப்போனது என்று எழுதினார். அது கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ள, இவர் ஒரு வாரம் தரையில் படுத்தார். சிமிலியில் மட்டும் ஆபத்தில்லை. போல என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் பொருட்கள் தம் பாட்டுக்கு இருந்துகொள்கின்றன.

கடைசியாக வந்தது அபாஸ்ட்ரஃபி. "எதிர்ல இல்லாத ஒருத்தரை இருக்கிற மாதிரி கூப்பிட்டுப் பேசணும், சார். ஆனா பதில் வரக்கூடாது. வந்துட்டா அது டயலாக். ரெண்டு மார்க்கும் போச்சு" என்றாள் டீச்சர். யாரைக் கூப்பிடலாம் என்று கண்ணாடி தேய்ப்பவருக்குத் தெரியும், தெரிந்ததால்தான் பயம். நிலாவே என்று எழுதித் தப்பித்தார். அன்று சாயங்காலம் நிலா சமையலறை ஜன்னலுக்கு வந்து நின்றது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். அது வாயே திறக்கவில்லை. முழு மார்க்.

பரீட்சையில் மற்றக் கேள்விகளை ஒரு மணி நேரத்தில் முடித்தார். கூட்டிப் பார்த்தால் முப்பத்து மூன்று தேறும். பாஸாக முப்பத்தைந்து வேண்டும். மிச்சமிருந்தது அந்தக் கேள்விதான். மறுபடி நிலாவை எழுதினால் கவுண்டர் வேலை கையில். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, ஏம்மா, சாப்பிட்டியா என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினார்.

கீழே மனைவியின் சாய்ந்த கையெழுத்து தமிழில் ஓட ஆரம்பித்தது. "நான் சாப்பிடறது இருக்கட்டும். நீங்க ஏன் இப்படி எளச்சுப் போயிட்டீங்க? நாற்காலியைக் கட்டில்ல ஏத்திட்டுத் தரையில படுப்பாங்களா யாராவது?" பக்கம் பக்கமாக எழுதினாள். இவர் குறுக்கே ஒரு வார்த்தை நுழைக்க வழியில்லை, அந்தக் காலம் போலவே. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "அப்புறம், அன்னைக்கு ஆஸ்பத்திரியில, நான் தூங்கறேன்னு நெனச்சு என் காதுல ஒண்ணு சொன்னீங்களே, அது..." என்னும்போது மணி அடித்தது. கண்காணிப்பாளர் தாளை உருவிக்கொண்டு போய்விட்டார்.

முப்பத்து மூன்று. கவுண்டரில் வேறொருவன் நின்றான்.

"நிலாவையே கூப்பிட்டிருக்கலாமே, சார்?" என்று டீச்சர் ஆற்றாமையோடு கேட்டாள்.

"நிலா பேசாதும்மா" என்றார் அவர்.

அடுத்த பரீட்சைக்கு ஒரு வருடம். சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து அந்த அரைகுறை வாக்கியத்தை ஆயிரம் விதமாக முடித்துப் பார்த்தார். எதிலும் மனசு ஆறவில்லை. மறு வருடம் மற்ற எல்லாவற்றையும் அரை மணியில் எழுதித் தள்ளிவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "...எனக்குக் கேட்டுச்சு. திருப்பிச் சொல்லத்தான் வாய் வரல."

அதன்பிறகு ஒன்பது பரீட்சை எழுதிவிட்டார், ஒன்பதிலும் முப்பத்து மூன்று. கண்காணிப்பாளர்கள் இப்போதெல்லாம் அவரிடம் கேட்காமலே கூடுதல் தாள் வைத்துவிடுகிறார்கள், மணி அடித்த பிறகு கடைசியாகத்தான் அவரிடம் வருகிறார்கள்.