வாயை மூடாமல் ஓடு

"அக்கா, பாப்பா கேமராவைப் பார்க்கணும். கடல் அவளுக்குப் பின்னால தெரியணும். அவ்வளவுதானே கேக்கிறேன்?"

"கடலுக்கு முதுகு காட்டி எம்மக நிக்கமாட்டா தம்பி."

"ஏன், சாமி குத்தமா?"

சாமியாவது பூதமாவது! சென்னையிலிருந்து வந்த இந்த டி.வி.க்காரன் பிரவீன்குமாருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. எங்கள் தீவில், ஹட் பேயில், தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. கரையில் மீன் வாங்கும்போதுகூட ஒரு கண் வலையில் இருந்தால் ஒரு கண் தண்ணீரில் இருக்கும். சுனாமிக்குப் பிறகு வந்த பழக்கம் அது. இலங்கைத் தேயிலைமலையிலிருந்து பாமாயில் தோட்ட வேலைக்கு இந்தத் தீவில் கொண்டுவந்து குடிவைத்த எங்கள் சனத்துக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொண்ட விதம் கொடுமையானது.

என் மகள் உதயா நாட்டுக்காகப் பாடப் போகிறாள். ஏதோ உலகக் குழந்தைகள் பாட்டுப் போட்டியாம், நாட்டுக்கு ஒரு பிள்ளையாம், அவரவர் ஊரிலிருந்தே நேரலையில் பாட வேண்டுமாம். இந்தியா இதில் சேர்வது இதுதான் முதல் தடவை என்று பிரவீன்குமார் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட டீச்சர் போனில் எடுத்து அனுப்பிய பாட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஹட் பேயில் நெட்வொர்க் நிற்காது என்பதால் எங்களைக் கப்பலேற்றிப் போர்ட் பிளேருக்கு வரவழைத்து, ஊருக்கு வெளியே ஒரு மேட்டடியில், கடலோரமாக மேடை போட்டிருந்தார்கள். மேடை என்றால் நாலு பலகை. அலை வந்து நக்கும் தூரத்தில் நாலு பலகை!

ஒத்திகையில் உதயா ஒரு வரி பாடுவாள், திரும்பிக் கடலைப் பார்ப்பாள். இன்னொரு வரி, இன்னொரு திரும்பல். பிரவீன்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு," என்றாள். அவள் கை சில்லிட்டுக் கிடந்தது. எனக்கும் பயம்தான். ஆனாலும் ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறது, பிள்ளையும் ஆசையாய் வந்திருக்கிறாள்.

"நான் கேமராவுக்குக் கீழ நின்னு உனக்குப் பின்னால இருக்கிற கடலைப் பாத்துக்கிறேன்," என்றேன். "நீ என்னைப் பாத்துப் பாடு. நான் கையைத் தூக்கினா?"

"ஓடணும்."

"எங்க?"

"மேட்டுக்கு. உனக்காக நிக்கக் கூடாது."

"அப்புறம்?"

"வாயை மூடக் கூடாது."

இது எங்கள் வீட்டுச் சட்டம். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தரை ஆடி, கடல் பொங்கி வருகிறது என்று சத்தம் கேட்டதும் எல்லோரும் பாமாயில் தோட்டத்துக்குள் ஓடினோம். என் தங்கை புஷ்பா கெட்டிக்காரி, எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். சத்தமே போடாமல் ஓடினாள். எந்தப் பக்கம் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் லயத்தில் பிள்ளைகளுக்கு ஓடப் பழக்கும்போது குரல் கொடுத்துக்கொண்டே ஓடச் சொன்னோம். வாய்ப்பாடு சொல்லு, யாரையாவது திட்டு, எதுவானாலும் சரி, பின்னால் வருகிறவர்களுக்கு நீ இருக்கும் திசை தெரிய வேண்டும். உதயா என்னைத் திட்டிக்கொண்டேதான் ஓடிப் பழகினாள்.

"அக்கா, இது லைவ். கை கிய் தூக்கிறாதீங்க, ப்ளீஸ்," என்றான் பிரவீன்குமார்.

"தூக்க வேண்டியிருந்தா தூக்குவேன்."

உதயாவின் சட்டையில் கடுகளவு மைக்கைக் குத்தினார்கள். காதுக்குள் இசை. பிரவீன்குமார் தன் காதுகளை ஹெட்போனால் அடைத்துக்கொண்டு விரலை அசைத்தான். அவள் தொடங்கினாள்.

*கப்பலே கப்பலே, யாரைக் கொண்டு வர்றே?*
*எங்க வீட்டு வாசலுக்கு யாரைக் கொண்டு வர்றே?*

அவளே கட்டிய பாட்டு. அவள் கண் என் மேல், என் கண் கடல் மேல். என் பிள்ளை பாடுவதை உலகமே பார்த்தது, நான் மட்டும் பார்க்கவில்லை. அலை வந்தது, போனது. மறுபடி வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது அடி தொடங்கும்போது என் உள்ளங்காலில் குறுகுறுத்தது. லாரி ஏதும் போகிறதா என்று பார்த்தேன். லாரி இல்லை. கேமராவின் மூன்று காலும் நடுங்கின. பின்னால் மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின.

"ஹில் ரஹா ஹை!" என்று, தரை ஆடுகிறது என்பதை இந்தியில் கத்தினான் கேமராக்காரன்.

பிரவீன்குமார் என்னைப் பார்த்துக் கையை அமர்த்திக் காட்டினான். சின்னதுதான் அக்கா, சின்னதுதான் என்று அவன் உதடு அசைந்தது. இந்தத் தீவில் மாதத்துக்கு நாலு முறை ஆடும், எனக்குத் தெரியாதா? ஆனால் கடலோரத்தில் ஒரு கறுப்புப் பாறை தெரிந்தது. சற்று முன்னால் அது இருந்ததா? தண்ணீர் வற்றுகிற நேரமா, இல்லை கடல் உள்ளே இழுக்கிறதா? ஐயோ, எனக்குத் தெரியவில்லையே! உதயா பாடிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. என்னை நம்பி முதுகைக் கொடுத்துவிட்டு நிற்கிறாள் பாவி மகள்.

நாடாவது போட்டியாவது. கையைத் தூக்கிவிட்டேன்.

பலகையிலிருந்து குதித்தாள். என்னைத் தாண்டி, கேமராவைத் தாண்டி, மேட்டைப் பார்த்து ஓடினாள். எனக்காக நிற்கவில்லை. வாயையும் மூடவில்லை. பாட்டு நிற்கவே இல்லை!

*கப்பலே... கப்பலே... கடல்... தாண்டி வர்றே...*

மூச்சு வாங்கி வாங்கி, வார்த்தை உடைந்து உடைந்து, மேலே மேலே போய்க்கொண்டிருந்தது பாட்டு. நான் திரும்பியதும் கேபிள் காலில் சுற்றிக் குப்புற விழுந்தேன். எழுந்தபோது புதருக்குள் அவள் மறைந்துவிட்டாள். குரல் மட்டும் இருந்தது. செருப்பை உதறிவிட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முள் கிழித்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

பின்னால் பிரவீன்குமார் ஹெட்போனைப் பிடித்தபடி ஓடிவந்தான். "அக்கா, சத்தம் போயிட்டு இருக்கு! அங்க எல்லாருக்கும் கேக்குது! கட் பண்ணல அக்கா!"

"மூடிக்கிட்டு ஏறுடா!"

இடது பக்கம் கேட்டது, இடது பக்கம் போனேன். பிறகு வலது பக்கம் மேலே.

*யாரும் வராட்டியும்... கை காட்டிட்டுப் போ...*

அதோடு நின்றுவிட்டது.

நான் நின்றேன். காது இரண்டும் அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. இலைச் சத்தம், என் மூச்சு, வேறொன்றும் இல்லை. எந்தப் பக்கம்? இடமா, வலமா? பாமாயில் தோட்டத்தில் அன்றைக்கு நின்ற அதே மாதிரி நின்றேன். "புஷ்பா!" என்று கத்தினேன். என் மகள் பெயர் வாயில் வரவில்லை. "புஷ்பா! புஷ்பா! ஏன்டி வாயை மூடினே?"

தலைக்கு மேலே, ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து, இளைத்துக்கொண்டே பதில் வந்தது.

"பாட்டு முடிஞ்சிருச்சும்மா."

கீழே திரும்பிப் பார்த்தேன். கடல் அதன் இடத்திலேயே கிடந்தது. நாலு பலகையும் ஒரு கேமராவும் அதற்கு முன்னால் அநாதையாய் நின்றன. பிரவீன்குமார் புதரைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டான். எனக்குக் காதில் ஏறவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்தது, அதனால் உட்காரவில்லை.

"முடிஞ்சா என்னாடி?" என்று மேலே பார்த்துக் கத்தினேன். "நான் வந்து உன்னைத் தொடுற வரைக்கும் திரும்ப மொதல்லருந்து பாடு!"

பாடினாள். நான் ஏறினேன்.