முதல் கேள்வி

கணிதத் துறையின் கருத்தரங்க அறையில் முன்வரிசை ஓர நாற்காலி எப்சிலானுடையது. ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. எப்சிலான் என்பது கணக்கில் மிகமிகச் சிறிய அளவைக் குறிக்கும் எழுத்து. மயிரிழைத் தப்பையும் விடமாட்டார் என்று பழைய மாணவர்கள் தங்கள் பேராசிரியருக்கு வைத்த பட்டப்பெயர். காதுபடவே சொல்வார்கள். அவரும் அதை ஒரு மாலையைப் போலப் போட்டுக்கொண்டார்.

அந்த அறைக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. பேச்சு முடிந்ததும் முதல் கேள்வி அந்த நாற்காலியிலிருந்து வர வேண்டும். அவர் "கேள்வி இல்லை" என்றால் பேசியவர் தேறிவிட்டார், மற்றவர்களும் கிளறமாட்டார்கள். இன்னொன்று, பலகையில் ஒரு வரி இடிந்து விழுந்தால் எழுதியவரேதான் அழிக்க வேண்டும்.

இன்று பலகையருகே நின்றவன் அவருடைய மகன். ஏழு வருடமாகத் தற்காலிக வேலை. காலையில் அவனுடைய அம்மா இரண்டு தடவை இஸ்திரி போட்ட சட்டை.

"பிள்ளைன்னு இரக்கம் காட்டிடாதீங்க சார்," என்றார் துறைத் தலைவர். அவரும் பழைய மாணவர்தான். "எங்களையெல்லாம் வறுத்தெடுத்த நாற்காலி அது."

"வேகாததைத்தான் வறுத்தேன்."

"சரி சார், சரி. நிரந்தர வேலைக்கான பட்டியல் இன்னிக்கு சாயந்திரம் போகுது. உங்க வாயால ஒரு 'கேள்வி இல்லை' வந்தாப் போதும், தம்பி பேரு உள்ள போயிடும்."

மகன் தொடங்கினான். நிதானமாகப் பேசினான், அகலமாக எழுதினான். இருபதாவது நிமிடத்தில் திரும்பி நின்றான்.

"இங்க அப்பாவோட துணைத்தேற்றத்தைப் பயன்படுத்துறேன். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி அவர் நிரூபிச்சது. நாலே வரிதான், எழுதிடறேன்."

யாரும் அப்படிச் செய்ததில்லை. அதை எத்தனையோ பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எழுதிப் பார்த்தவர் ஒருவருமில்லை. எப்சிலான் எழுதியதை யார் சரிபார்ப்பார்கள்? மகன் மரியாதைக்காக எழுதினான்.

மூன்றாவது வரி: ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. நான்காவது வரி: ஆகவே எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே எண் போதும், இது தெளிவு.

எப்சிலான் படித்தார். மறுபடி படித்தார். ஆளுக்கொரு செருப்பு கிடைக்கும் என்பதால் ஊரார் காலுக்கெல்லாம் ஒரே செருப்பு பொருந்திவிடுமா? பூஜ்யத்தை நெருங்க நெருங்க அந்த எண் ஏறிக்கொண்டே போகும். முதல் வருடப் பிள்ளைகள் செய்யும் தப்பு. எத்தனை பேரை இதே தப்புக்காக இதே பலகை முன்னால் நிற்க வைத்திருக்கிறார்.

மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் மனத்தைக் கிள்ளிப் பார்த்தார். ஒன்றும் உறைக்கவில்லை. மகன் எழுதிக்கொண்டே போனான். ஐந்தாவது வரி முதல் கடைசி வரி வரை எல்லாம் நான்காவதன் தலைமேல் ஏறி நின்றன.

பேச்சு முடிந்தது. கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் பையை மூடினார்.

"சார்?" என்றார் தலைவர்.

எப்சிலானின் குடும்பத்தில் தோற்றவர்கள் உண்டு. இல்லாததை இருக்கிறதென்று சொல்லித் தலை நிமிர்ந்து நடந்தவர்கள் இல்லை.

"நாலாவது வரி எப்படி வருது?"

மகன் சிரித்தான். "அது உங்க பேப்பர்லயே இருக்குப்பா."

அறையே சிரித்தது. "ஆள் கிடைக்கலைன்னு உங்களையே வறுக்கறீங்களா சார்?" என்றார் தலைவர்.

"பேப்பர்ல இருக்கட்டும். பலகையில எப்படி வருது? பூஜ்யத்துக்குப் பக்கத்துல போய்ப் பாரு."

மகன் பலகையின் ஓரத்தில் அரை, கால், அரைக்கால் என்று போட்டுப் பார்த்தான். சுண்ணக்கட்டி நின்றது. சிரிப்பும் நின்றது. சட்டையின் முதுகில் வியர்வை இறங்கியது.

"வரலப்பா."

"அப்ப அதுக்குக் கீழ இருக்கிறது?"

"எதுவும் நிக்காது."

தலைவர் பேனாவை மூடினார். "பரவாயில்ல தம்பி. அடுத்த வருஷம் பாப்போம்," என்று பேனாவிடம் சொன்னார்.

மகன் அழிப்பானை எடுத்துக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித் துடைத்துக்கொண்டே வந்தான். நான்காவது வரியருகே கை நின்றது. இறங்கி வந்து அழிப்பானை அப்பாவிடம் நீட்டினான்.

"இது நீங்க எழுதினதுப்பா."

எப்சிலான் எழுந்து போய்த் துடைத்தார். 'தெளிவு' மட்டும் வெள்ளைத் தடமாக நின்றது. அதை இன்னொரு தடவை துடைத்தார். கையெல்லாம் சுண்ணத்தூள். அப்போதும் ஒன்றும் வலிக்கவில்லை.

திரும்பி நாற்காலிக்குப் போகாமல் வாசலுக்கு நடந்தார். மகன் இரண்டு பேருடைய பைகளையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். மாடிப்படியில் இறங்கும்போது கேட்டான்.

"அம்மாகிட்ட யாருப்பா சொல்றது?"

"நான்தான்."